கண்காணித்தவர் கையெழுத்து

எனக்கு அடிக்கடி ஒரு கனவு வருகிறது. கிளினிக்கின் பின்பக்கச் சன்னல் விளிம்பில் பிளாஸ்டிக் கோப்பைகள் வரிசையாக இருக்கின்றன. ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறி வந்து ஒவ்வொரு கோப்பையாகத் தொடுகிறது. ஒன்று தேன் நிறம், ஒன்று வெளிர் மஞ்சள், ஒன்று பனங்கற்கண்டு கரைத்த நிறம். தூரத்தில் கித்தா என்னும் ரப்பர் மரங்களுக்கு நடுவே லோரிகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. கோப்பைகளை எண்ணத் தொடங்குகிறேன். எண்ணி முடிப்பதற்குள் விழிப்பு வந்துவிடும். "மத்தவங்க கனவுல சாமி வருது, உங்களுக்கு மூத்திரக் கோப்பை வருது" என்று என் மனைவி சிரிப்பாள். என் கனவில் இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன என்பதை அவளிடம் சொன்னதில்லை.

போன மாதம் சுகந்தி அழைத்தாள். நான் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அண்ணே, இனிமே ரிசல்ட்ட டிரைவர் கையில குடுக்கக் கூடாதாம்லா. நேரா கம்ப்யூட்டர்ல ஏத்திடணுமாம். லாப் பதில் வர்ற வரைக்கும் அவங்க ஸ்டியரிங்கத் தொடவே கூடாதாம். ரோட்லயே நிறுத்தியும் சோதிக்கப் போறாங்களாம். உங்க காலத்துல எப்படி செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன், புதுப் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டணும்."

எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் விதிமுறைகள் வரவில்லை. ஒரு மஞ்சள் வேட்டிதான் வந்தது. அதனால் அதையே எழுதுகிறேன்.

நான் பிறந்தது காம்பாருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்து மருந்தகத்தில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸருக்குப் பஞ்சு நறுக்கிக் கொடுத்த பழக்கத்தில் மருத்துவ உதவியாளர் படிப்புக்குப் போனேன். தோட்டத்தை விற்று, பாதியில் எண்ணெய் தரும் செம்பனையும் மீதியில் வீடுகளும் வந்தபோது நாங்கள் ஈப்போவின் புந்தோங்கிற்குக் குடிவந்துவிட்டோம். படிப்பைப் பற்றி இவ்வளவு போதும். படித்ததில் பாதி மறந்துவிட்டது. உருப்படியாகத் தெரிந்ததெல்லாம் கிளினிக்கின் கழிப்பறை வாசலில் கற்றது.

எங்கள் கிளினிக் லோரிப் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது. கம்பெனிகள் தங்கள் டிரைவர்களை வருடத்துக்கு ஒருமுறை எங்களிடம் அனுப்பும். லைசென்ஸ் பிறந்தநாளோடு முடிவதால், அதற்கு இரண்டு வாரம் முன்னால் வருவார்கள். போதை மருந்து இல்லை, ஓட்டத் தகுதியானவர் என்று டாக்டர் சான்றிதழ் கொடுப்பார். அது அடுத்த பிறந்தநாள் வரை செல்லும்.

சோதனை இப்படி நடக்கும். முதலில் அடையாளக் கார்டைப் பார்க்க வேண்டும், பிறகு முகத்தைப் பார்க்க வேண்டும். பைகளில் இருப்பதை எல்லாம் ஒரு தட்டில் வைக்கச் சொல்ல வேண்டும்: கைப்பேசி, சிகரெட், லோரிச் சாவி, சில்லறை. கழிப்பறைக் குழாயை முன்கூட்டியே அடைத்துவிடுவோம். தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம் போட்டிருப்போம், யாரும் கோப்பையில் அதைக் கலந்துவிடாமல் இருப்பதற்காக. காம்பார் பக்கத்தில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் வெயிலில் அப்படித்தான் நீலமாகக் கிடக்கும். சில காலைகளில் அந்தத் தொட்டியைப் பார்த்தபடி வேலையை மறந்து நின்றிருக்கிறேன். அதன் பிறகுதான் முக்கியமான வேலை. கதவைப் பாதி திறந்து வைத்து, பக்கத்தில் நின்று, கோப்பை நிறைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சோதனைப் பட்டையை நனைத்து, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டு கோடு விழுந்தால் சுத்தம். ஒரே கோடு என்றால் மருந்து இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாக நினைத்து, இரண்டு கோட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போவார்கள். கடைசியில் ஃபாரத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம்: கண்காணித்தவர் கையெழுத்து. அது என் கையெழுத்து.

ஒரு கோடு விழுந்தால் மிச்சத்தை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். உறுதியான பதில் வர ஒரு வாரம் ஆகும், பத்து நாளும் ஆகும். அதுவரை அந்த ஆள் ஓட்டக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பதில் வந்த பிறகும் தாளை டிரைவர் கையில்தான் கொடுப்போம், அவரே கொண்டுபோய்க் கம்பெனியில் கொடுக்க வேண்டும். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான். நாங்கள் கொடுத்த தாள்களில் எத்தனை ஈப்போ வாய்க்கால்களில் மிதந்து போயினவோ, யாருக்குத் தெரியும்?

டாக்டர் புனிதவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளினிக் அவருடையது. யாழ்ப்பாணத்து வம்சம், அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். டாக்டர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மேசையில் ஒரு பிளாஸ்க் வெந்நீரும் ஒரு மரத்தாலான அடிக்கோலும் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு ஃபாரத்தையும் முழுக்கப் படிப்பார். கடைசி வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து ஒரு கோடு இழுப்பார், பிறகு யாரும் எதையும் சேர்த்து எழுத முடியாதபடி. கோடு இழுப்பதற்கு முன்னால் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"கண்ணால பார்த்தனீரோ?"

"பார்த்தேன் டாக்டர்."

கோடு விழும். ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டாலும் இருபது தடவையும் அதே குரல். முதல் வருடம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு மசூதியிலிருந்து வரும் பாங்குபோல, கோயில் மணிபோல, அதுவும் அன்றாடச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது. பழகிப்போன சத்தத்துக்கு யார் காது கொடுக்கிறார்கள்?

இனி குணா. குணசேகரன் என் தோட்டத்துக்காரன். தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக்குப் பின் லயம் அவனுடையது. ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். சிமெண்டு லோரி ஓட்டினான். தை மாதம் பூச நட்சத்திரத்தில் பிறந்ததால் ஒவ்வொரு வருடமும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான். அவன் காவடிக்கு இடது பக்கம் நடந்து, தண்ணீரும் எலுமிச்சம்பழமும் பிடித்துக்கொண்டு போவது என் வேலை. அவன் பிறந்தநாள் விரத நாட்களுக்குள்ளேயே வரும். அதனால் சோதனைக்கும் அப்போதுதான் வருவான்.

அந்த வருடம் மஞ்சள் வேட்டி கட்டி, வெறுங்காலோடு, நெற்றியில் திருநீறு பூசி வந்து நின்றான். மூன்று வாரமாகப் பாயில் படுத்து, ஒருவேளை மரக்கறிச் சோறு சாப்பிட்டு முகம் மெலிந்திருந்தது. மெலிந்த முகத்தில் ஒரு வெளிச்சம். கோப்பையைக் கொடுத்தேன். கதவருகே போனேன். விரதம் இருப்பவன் பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பதா என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. திரும்பிச் சன்னல் பக்கம் நின்றுகொண்டேன். வெளியே மலையின் இடுப்பில் பனி சுற்றியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனசு நிறைந்திருந்தது. இரண்டு கோடு விழுந்தது. கையெழுத்துப் போட்டேன்.

"பார்த்தனீரோ?"

"பார்த்தேன் டாக்டர்."

இப்படித்தான் முதல் பொய் வந்தது. அதைப் பொய் என்றே நான் நினைக்கவில்லை. சாமிக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்தேன்.

அடுத்த தை மாதம் குணாவோடு சேர்த்து ஏழு பேர் மஞ்சள் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் வேட்டியில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. இன்னொருவர் வாயைத் திறந்தால் கறிப் பெரட்டல் வாசம். குணாவுக்குத் திரும்பி நின்றேனே, மற்றவர்களுக்கு மட்டும் எப்படி முறைத்துக்கொண்டு நிற்பது? விரதத்தை அளக்க என்னிடம் ஏது பட்டை? ஏழு பேருக்கும் சன்னலைப் பார்த்தேன். ஏழு பேருக்கும் இரண்டு கோடு. ஏழு கையெழுத்து.

ஒரு மழைப் பிற்பகலில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மேசை முழுக்க ஃபாரங்களை மாதவாரியாகப் பரப்பி வைத்திருந்தார்.

"தேவராஜன், ஒவ்வொரு மாசமும் ஒருத்தராவது அகப்படுறார். தையில மட்டும் ஒருத்தரும் இல்லை. ஏன்?"

"விரத மாசம் டாக்டர். எல்லாத்தையும் விட்டுடுவாங்க."

"ஓம். நானும் விரதம் பிடிக்கிறனான்." வெந்நீரை ஒரு வாய் குடித்தார். "எல்லாரையும் கண்ணால பார்த்தனீரோ?"

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. "பார்த்தேன் டாக்டர்" என்றேன். இந்தத் தடவை அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. அவர் ஃபாரங்களை அடுக்கினார்.

மூன்றாம் வருடம் குணா காலை பத்து மணிக்கு வந்தான். வாசலில் சிமெண்டு லோரி நின்றிருந்தது, தஞ்சோங் மாலிமில் ஒரு கட்டுமான இடத்துக்குப் பாரம் ஏற்றியபடி. அதே மஞ்சள், அதே திருநீறு, அதே வெறுங்கால். கண் மட்டும் வேறு மாதிரி இருந்தது. இமைக்க மறந்த கண். தட்டில் சாவியை வைத்தான். கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். நான் கதவைப் பாதி திறந்து பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னா மச்சான்?"

"ஒண்ணுமில்ல. நீ செய்."

"அங்கிட்டுத் திரும்பி நில்லுடா."

"இல்ல மச்சான். இன்னைக்குத் திரும்ப மாட்டேன்."

"மாலை போட்டவன சந்தேகப்படுறியா? முருகன் கண்ணக் குத்திடுவான்லா."

நான் நகரவில்லை. குழாய் அடைத்த கழிப்பறையில் ஒரு சொட்டுச் சத்தமும் இல்லை. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் தோட்டத்து ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நிற்பதுபோல எனக்கு ஒரு நினைப்பு. பிறகு அவன் இடுப்பு மடிப்புக்குள் கைவிட்டு, விரல் நீளத்தில் ஒரு போத்தலை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தான்.

"என் மச்சினனோடது. கோயில்ல பூ கட்டுறான் இல்ல, அவன். ஒண்ணும் தொடாதவன்."

"விரதம்?"

"விரதம் நெசம் மச்சான். கறி தொடல. தண்ணி தொடல. பாயிலதான் படுக்கிறேன். முழிச்சிருக்கப் போடுற சாபு மருந்து மட்டும் விட முடியல. ஒரு நாளைக்கு ரெண்டு டிரிப் போடச் சொல்றாங்க, கண்ணு சொருகுது. பல்லக் கடிச்சுப் பாத்தேன், முடியல." போத்தலைப் பார்த்தபடியே சொன்னான். "மொத வருஷம் நான் சுத்தம். சத்தியமா சுத்தம். நீ திரும்பி நின்ன பாரு, அப்பதான் தெரிஞ்சுச்சு, இங்க ஒரு வழி இருக்குன்னு."

இந்த வார்த்தை இன்றைக்கும் என் உடம்பில் எங்கோ இருக்கிறது. அவனுக்கு வழி காட்டியது வேறு யாரும் இல்லை. நான்.

போத்தலை அங்கேயே விட்டுவிட்டு, என் முன்னால் கோப்பையை நிரப்பிக் கொடுத்தான். ஐந்து நிமிடம். ஒரே கோடு.

டாக்டர் வந்தார். பட்டையைப் பார்த்தார்.

"கண்ணால பார்த்தனீரோ?"

"இந்தத் தடவை பார்த்தேன் டாக்டர்."

அவர் தலை நிமிர்ந்தது. 'இந்தத் தடவை' என்ற சொல்லை அவர் கேட்டுவிட்டார். டிரைவர்கள் உட்காரும் பெஞ்சில், அதுவரை அவர் உட்கார்ந்தே பார்த்திராத பெஞ்சில், குணாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கடைசியாக எப்போது தூங்கினான் என்று கேட்டார். முந்தாநாள் என்றான். அங்கேயே உட்கார்ந்தபடி கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டார். இன்றைக்கு வேறு டிரைவரை அனுப்பச் சொன்னார்.

மேனேஜர் குரல் எனக்கும் கேட்டது. "லாப் பதில் வரட்டும் டாக்டர். அது வரைக்கும் அவர் ஓட்டலாம்தானே? போன வருஷத்து சர்டிபிகேட் இன்னும் ஒம்பது நாள் இருக்கு. எனக்கு இன்னைக்குச் சிமெண்டு போய்ச் சேரணும்."

டாக்டர் போனை வைத்தார். "அவர் சொல்லுறது பிழையில்லை. இந்தக் கோட்டை வச்சு என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

குணா எழுந்தான். தட்டிலிருந்து சாவியை எடுத்தான். மணி பதினொன்று தாண்டியிருந்தது. அவன் காம்பாரைக் கடக்கும்போது பள்ளிக்கூடங்கள் விடும் நேரமாக இருக்கும். அவன் சொருகும் கண்களும் அந்தச் சாலையும் எனக்குத் தெரியும். வாசல்வரை எட்டு அடி. அந்த எட்டு அடிக்குள் நான் யோசித்தது முழுக்க என்னைப் பற்றித்தான், அதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு வயது ஐம்பத்தொன்று. இந்த வேலை போனால் பொய்க் கையெழுத்துப் போட்டவனை வேறு யார் சேர்ப்பார்கள்?

"டாக்டர்" என்றேன். "போன வருஷம் நான் கண்ணால பார்க்கல."

குணா கதவருகே நின்றுவிட்டான். டாக்டர் மெல்லத் திரும்பினார்.

"ஆரை?"

"இவன. அப்புறம் மஞ்சள் கட்டி வந்த மத்த ஆறு பேரையும். திரும்பி நின்னுட்டுக் கையெழுத்துப் போட்டேன். உங்ககிட்ட பார்த்தேன்னு சொன்னது பொய்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. எழுந்து தன் அறைக்குப் போய், போன வருடத்துச் சான்றிதழின் பிரதியை எடுத்துவந்தார். என் முன்னாலேயே அடிக்கோலை வைத்தார். அவருடைய சொந்தக் கையெழுத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்து, 'திரும்பப் பெறப்படுகிறது' என்று எழுதி, தேதி போட்டார். மறுபடியும் மேனேஜருக்குப் போன் செய்தார்.

"உங்கட டிரைவரிட்ட இப்ப சான்றிதழ் இல்லை. நான் குடுத்தது பிழையான ஃபாரத்தை நம்பிக் குடுத்தது. இதுக்கு மேல நீங்கள் அவரை லோரியில ஏத்தினா அது உங்கட பொறுப்பு. எழுத்திலயும் அனுப்புறன்."

மேனேஜர் அதற்குப் பிறகு வாதாடவில்லை.

குணா திரும்பி வந்து சாவியைத் தட்டில் போட்டான். சில்லறைக்கு நடுவே அது விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. "வயித்துல அடிச்சிட்ட மச்சான்" என்றான். வெறுங்காலோடு தார்ச் சாலையில் இறங்கி நடந்தான். மதியத்து வெயிலில் அந்த மஞ்சள் வேட்டி சிறுத்துச் சிறுத்து, பட்டறைகளுக்கு நடுவே ஒரு புள்ளியாகி மறைந்தது.

மற்ற ஆறு பேரையும் முன்னறிவிப்பு இல்லாமல் அழைத்துச் சோதித்தோம். இரண்டு பேருக்கு ஒரு கோடு விழுந்தது. அந்த இரண்டு பேரும் என் கையெழுத்தோடு ஒரு வருடம் சாலையில் இருந்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அது எங்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை, யாரோ செய்த புண்ணியம்.

டாக்டர் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், அதன் கடைசி வரிக்குக் கீழேயும் கோடு இருந்தது. ஆறு மாதம் கோப்பைப் பக்கம் போகக் கூடாது என்றார். கட்டுப் போட்டுக்கொண்டும் ஊசி போட்டுக்கொண்டும் இருந்தேன். அதற்குள் அவர் கம்பெனிகளுக்கு எழுதினார்: சோதனை நாளை நாங்கள்தான் குறிப்போம், பிறந்தநாள் குறிக்காது, ஒரு கோடு விழுந்தால் பதில் வரும்வரை சாவி எங்கள் தட்டில்தான் இருக்கும், தாள் டிரைவர் கையில் போகாது. சில கம்பெனிகள் ஒத்துக்கொண்டன. சில, கேள்வி கேட்காத கிளினிக்காகப் பார்த்துப் போய்விட்டன. சுகந்தி இன்று விதி என்று சொல்வது அன்று ஒரு பெண்மணியின் பிடிவாதமாக மட்டுமே இருந்தது. ஊருக்கெல்லாம் அது விதியாவதைப் பார்க்க அவர் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

அந்த வருடம் குணா காவடி எடுக்கவில்லை. ஆய்வுக்கூடப் பதில் வந்ததும் வேலை போனது. சிகிச்சைக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். அவன் மனைவி காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்றாள். நான் வாங்கப் போனால் பொட்டலத்தைக் கொடுப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒரு வருடம் முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. புந்தோங் சந்தையில் எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவான்.

அடுத்த தைப்பூசத்துக்கு நான் நடக்கப் போகவில்லை. சாலையோரம் கூட்டத்தில் நின்றேன். காலை வெயில் மலை முகத்தில் விழுந்து, பாறையெல்லாம் வெளிர் சிவப்பாகத் தெரிந்தது. உறுமி மேளம் நெருங்கி வந்தது. மயிற்பீலிகளுக்குக் கீழே குணாவின் முகத்தைக் கண்டேன். சதை பிடித்திருந்தது, கண் தெளிந்து, இமைக்கும் கண்ணாக இருந்தது. அவனுக்கு இடது பக்கம் யாரும் இல்லை. தண்ணீரும் எலுமிச்சம்பழமும் வலது பக்கத்தில் அவன் மச்சினன் கையில் இருந்தன.

என்னைத் தாண்டிப் போய்விடுவான் என்று நினைத்தேன். தாண்டவில்லை. காவடியோடு நின்றான். பின்னால் வந்த கூட்டமும் நின்றது.

"ஏன் அங்க நிக்கிற?" என்றான். மூச்சு வாங்கியது. "பக்கத்துல வந்து நட மச்சான். கண்ணால பாரு."

நான் செருப்பைக் கழற்றிச் சாலையோரம் விட்டுவிட்டு இறங்கினேன்.